தை மாதத்தைப் பற்றி ஒரு கேள்வி: மூன்று இணையவழி டிரையத்லான் பயிற்சிகளை வாங்கிப் பார்த்தவனின் மதிப்பீடு

மன்னார்குடியில் நெல் அறுவடை இயந்திரங்களுக்கான உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். வயது 43. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் நீள்தூர டிரையத்லான் போட்டிக்காகக் கடந்த மூன்று ஆண்டுகளில் மூன்று விதமான இணையவழிப் பயிற்சிகளுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். முதலாவது, ஒருமுறை பணம் செலுத்தித் தரவிறக்கிக்கொள்ளும் ஆயத்த அட்டவணை. இரண்டாவது, நாம் செய்வதைப் பார்த்துத் தானே அட்டவணையைத் திருத்திக்கொள்ளும் செயலி. மூன்றாவது, கோயம்புத்தூரில் இருந்துகொண்டு என்னைப் பயிற்றுவிக்கும் ஒரு பெண் பயிற்றுநர். முதலிரண்டின் பெயர்களை இங்கே எழுதவில்லை; நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி, எனக்குப் பொருந்தாததைத் தேர்ந்தெடுத்த என்னைச் சேர்ந்தவை. மூன்றாமவர் இப்போது புதியவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்பதால், பெயரைச் சொன்னால் அவருக்குத் தொந்தரவு மட்டுமே மிஞ்சும்.

அயர்ன்மேன் என்று பொதுவாக அழைக்கப்படும் முழுத்தூரப் போட்டி 1978இல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹூவில் 15 பேருடன் தொடங்கியது. அவர்களில் 12 பேர் முடித்தார்கள். நீச்சல் 3.8 கிலோமீட்டர், சைக்கிள் 180 கிலோமீட்டர், ஓட்டம் 42.2 கிலோமீட்டர், பெரும்பாலான இடங்களில் இவை அனைத்தையும் 17 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு இரண்டு முறை சைக்கிளில் போய்வந்தாலும் 180 நிறையாது. அதன்பிறகு இன்னொரு முறை தஞ்சாவூர் வரை ஓடியே போக வேண்டும். பாதித்தூரப் போட்டி என்பது இவற்றில் சரிபாதி: 1.9, 90, 21.1. கோவாவில் 2019இல் தொடங்கியது இந்தப் பாதித்தூரம்தான். எதுவானாலும் மாதக்கணக்கில், வாரத்துக்கு 8 முதல் 14 மணி நேரம் வரை பயிற்சிக்கு ஒதுக்க வேண்டியிருக்கும். அந்த மணி நேரங்களை வீட்டிலும் கடையிலும் தூக்கத்திலும் இருந்துதான் எடுக்க முடியும். எதிலிருந்து எவ்வளவு எடுப்பது என்ற கணக்கைப் போடத்தான் பயிற்றுநருக்குப் பணம் கொடுக்கிறோம் என்பது எனக்குப் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதல் ஆண்டு வாங்கிய ஆயத்த அட்டவணை 24 வாரங்களுக்கானது. சுமார் 6,000 ரூபாய் ஆயிற்று. ட்ரெயினிங்பீக்ஸ் என்ற இணையப் பயிற்சி நாட்காட்டியில் ஏற்றியவுடன் ஆறு மாதங்களின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெட்டி வந்து நின்றது. செய்தால் பச்சை, விட்டுவிட்டால் சிவப்பு. அட்டவணையைக் குறை சொல்வதற்கில்லை. அடித்தளப் பயிற்சி, அதன்மேல் கடுமையைக் கூட்டுவது, நான்காவது வாரம் தோறும் தளர்த்துவது, போட்டிக்கு முன் இரண்டு மூன்று வாரங்கள் அளவைக் குறைப்பது என்று எல்லாமே முறையாக இருந்தன. பிரச்சினை, அதை எழுதியவரின் கண்ணில் இருந்த ஊர். அங்கே வீட்டுக்குப் பக்கத்தில் நீச்சல் குளம் இருக்கிறது, சுற்றிலும் மேடுகள் இருக்கின்றன, குளிர்காலம் இருக்கிறது. வாரத்துக்கு நான்கு நாள் நீச்சல் என்று அவர் எழுதியிருந்தார். நான் நீந்தும் குளம் தஞ்சாவூரில் இருக்கிறது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நான்கு நாள் போய்வந்தால் கடையை மூடிவிட்டு அங்கேயே வாடகைக்கு வீடு பார்க்கலாம்.

ஆற்றில் தண்ணீர் ஓடும்போது எதற்காகக் குளத்தைத் தேடி அவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று கடைக்கு வருபவர்கள் கேட்பார்கள். ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்து, கல்லணைக்கு நீர் வந்து, அது பாமணியாற்றுக்கும் எட்டிவிட்டால் இந்தக் கேள்வி தினமும் வரும். சிறுவயதில் நானும் அந்த ஆற்றில்தான் நீந்தக் கற்றேன். ஆனால் பயிற்சிக்கு அது உதவாது. மதகுக்கு அருகே சுழல் இருக்கும், மணல் அள்ளிய இடத்தில் திடீரென்று குழி இருக்கும், நீரோட்டத்தோடு போனால் எவ்வளவு நீந்தினோம் என்று தெரியாது, எதிர்த்துப் போனால் நின்ற இடத்திலேயே நிற்போம். நீச்சலில் நேரத்தை அளக்க முடியாவிட்டால் பயிற்சியைத் திருத்தவும் முடியாது.

மேடுகள் விஷயத்தில் அந்த அட்டவணை என்னை வேடிக்கையான நிலைக்குத் தள்ளியது. புதன்கிழமை தோறும் ஐந்து நிமிட ஏற்றம், ஆறு முறை என்று இருக்கும். மன்னார்குடியைச் சுற்றி எனக்குக் கிடைக்கும் ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதை ஏறிமுடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்காக வாரம் ஒரு பயணம் போகவும் முடியாது. எங்கள் ஊருக்கு இருப்பது மலை அல்ல, காற்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும் காற்றைத் தடுக்க இந்த வயல்வெளியில் ஒரு குன்றும் கிடையாது. தஞ்சாவூரை நோக்கிப் போகும்போது மார்பில் அடித்து, திரும்பும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும். ஒரே 150 வாட் உழைப்புக்குப் போகும்போது மணிக்கு 19 கிலோமீட்டரும் திரும்பும்போது 33 கிலோமீட்டரும் எனக்குப் பதிவாகியிருக்கின்றன. "மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர்" என்று எழுதப்பட்ட பயிற்சியை ஆடியில் எப்படிச் செய்வது? முதல் பாதியில் உயிரைக் கொடுத்து மிதித்து, இரண்டாம் பாதியில் சும்மா உட்கார்ந்து வருவதா? அட்டவணையிடம் கேட்க முடியாது. அதில் கேட்கும் இடமே இல்லை.

இருந்தாலும், குறிப்பிட்ட ஒருவருக்கு இதுவே போதும் என்று சொல்வேன். குளம் பக்கத்தில் இருந்து, அலுவலக நேரம் மாறாமல் இருந்து, முதன்முறையாகப் பாதித்தூரத்தை முடித்தால் போதும் என்று நினைப்பவர் மாதம் தோறும் பெரிய தொகை கட்ட வேண்டியதில்லை. வாங்கும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பயிற்சிகள் தூரத்திலும் வேகத்திலும் எழுதப்பட்டிருக்கின்றனவா, அல்லது நேரத்திலும் உழைப்பிலும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று மாதிரி வாரத்தைத் திறந்து பாருங்கள். காற்றும் வெயிலும் உள்ள ஊரில் பின்னது மட்டுமே பயன்படும்.

இரண்டாம் ஆண்டு எடுத்தது செயலி. மாதம் ஏறத்தாழ 1,800 ரூபாய். கடிகாரத்திலிருந்தும், மிதிக்கும் உழைப்பை வாட்டில் அளக்கும் சைக்கிளின் பவர் மீட்டரிலிருந்தும் எண்களை எடுத்துக்கொண்டு, மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். இதில் நான் நிறையக் கற்றுக்கொண்டேன் என்பதை மறைக்கக் கூடாது. 20 நிமிடம் முழு மூச்சாக மிதித்து, அந்தச் சராசரி வாட்டில் 95 விழுக்காட்டை எடுத்தால், ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உழைப்பின் அளவு கிடைக்கும், எஃப்.டி.பி. என்கிறார்கள். அந்த அளவில் ஒரு மணி நேரம் உழைத்தால் 100 புள்ளி. ஒவ்வொரு நாளின் புள்ளிகளையும் சேர்த்து, 42 நாள் சராசரியை உடற்தகுதி என்றும், 7 நாள் சராசரியை அசதி என்றும் கொள்கிறார்கள். எளிய கணக்கு, பெரும்பாலான நாட்களில் சரியாகவும் இருக்கிறது. நிதானமாகச் செய்ய வேண்டியதை நிதானமாகச் செய்யும் பொறுமை எனக்கு வந்தது அந்தச் செயலியால்தான். அதுவரை எல்லா ஓட்டத்தையும் யாரோ துரத்துவதைப் போல ஓடிக்கொண்டிருந்தேன்.

செயலி இரண்டு இடங்களில் தடுமாறியது. முதலாவது கத்திரி. மே மாதத்தில் காலை ஆறு மணிக்கே உடம்பு பிசுபிசுக்கும். அதே வேகத்தில் ஓடினால் இதயத்துடிப்பு 12, 15 கூடுதலாக இருக்கும். ரத்தத்தில் ஒரு பங்கு உடலைக் குளிர்விக்கத் தோலுக்குப் போய்விடுவதாலும், வியர்வையில் நீர் வெளியேறி ரத்தத்தின் அளவு குறைவதாலும் இதயம் அடிக்கடி துடிக்க வேண்டியிருக்கிறது. 10 முதல் 14 நாட்கள் தொடர்ந்து வெயிலில் அளவாகப் பயிற்சி செய்தால் உடல் பெருமளவு பழகிவிடும். செயலிக்கோ வெயில் என்று ஒன்று இருப்பது தெரியவில்லை. என் உடற்தகுதி சரிகிறது என்று முடிவுகட்டி, ஓட்டத்தின் இலக்கு வேகத்தை இரண்டு முறை இறக்கியது. ஆனியில் மழைமேகம் வந்து காற்று குளிர்ந்ததும் நான் திடீரென்று முன்னேறிவிட்டதாகப் பாராட்டி, தாங்க முடியாத அளவுக்கு ஏற்றியது.

இரண்டாவது, என் கடை. தை, மாசியில் சம்பா அறுவடை. திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களின் வயல்களில் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடும். பெல்ட் அறும், பேரிங் போகும், கத்தி மழுங்கும். வயலில் வண்டி நின்றுவிட்டால் அந்த விவசாயிக்கு ஒவ்வொரு மணி நேரமும் பணம், மழை வந்தால் நெல்லே போய்விடும். அதனால் அந்த ஐந்தாறு வாரங்களில் கடையை இரவு 11 மணிக்கு முன் மூட முடியாது. ஒரு நாளைக்கு 14 மணி நேரம் நின்றுகொண்டு, இரும்புச் சாமான்களைத் தூக்கி இறக்கிக்கொண்டு இருப்பேன். செயலியின் கணக்கில் இந்த 14 மணி நேரத்துக்குப் புள்ளி பூஜ்யம். மூன்று நாள் பயிற்சி செய்யாததால் நான் நன்றாக ஓய்வெடுத்துவிட்டேன் என்று நினைத்து, நான்காம் நாள் விடியற்காலை இரண்டு மணி நேரக் கடும் பயிற்சியைக் கொண்டுவந்து வைத்தது. உதவிப் பிரிவுக்கு எழுதினேன். "உங்கள் உடல் சொல்வதைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. அடுத்த மாதம் வேறொரு சிக்கலுக்கு எழுதியபோதும் அதே வாசகம், அதே எழுத்துப் பிழையோடு வந்தது. சந்தாவை நிறுத்தும் வழி செயலிக்குள் எங்கும் இல்லாமல், வலைத்தளத்தின் மூலையில் இருந்ததைக் கண்டுபிடிப்பதற்குள் இன்னும் ஒரு மாதக் கட்டணம் போயிற்று.

ஆகவே மூன்றாம் முறை நான் திட்டத்தைத் தேடவில்லை, படிப்பவரைத் தேடினேன். நான் எழுதி அனுப்புவதை ஒருவர் உட்கார்ந்து படிக்கிறாரா, படித்த பிறகு அட்டவணையில் எதையாவது மாற்றுகிறாரா என்பது ஒன்றுதான் இந்தச் சேவையில் விலை பெறும் பொருள் என்று எனக்குத் தோன்றியிருந்தது. மற்றவை எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. பயிற்றுநர்களின் பக்கங்களில் சான்றிதழ்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் சில, இணைய வகுப்பிலேயே முடிந்துவிடுபவை. மேடையில் பதக்கத்தோடு நிற்கும் படங்கள் இருக்கும். அவர் வேகமாக ஓடுவார் என்பதற்கு அவை சாட்சி, மற்றவரை ஓடவைப்பார் என்பதற்கு அல்ல. எத்தனை பேரைப் பயிற்றுவிக்கிறீர்கள் என்று கேட்டால் சிலர் எண்ணைச் சொல்லத் தயங்கினார்கள். ஒருவர் பெருமையாகச் சொன்ன எண் 90. வாரத்தில் ஒருவருக்கு அரை மணி நேரம் என்று வைத்தாலும் 45 மணி நேரம் ஆகிறது. அவர் எப்போது தூங்குவார்?

கடைசியில் மூன்று பேரைத் தேர்ந்து, மூவருக்கும் ஒரே கேள்வியை அனுப்பினேன்: "தை மாதத்தில் ஐந்து வாரம் என் கடை இரவு 11 வரை இருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள்தான் நீந்த முடியும். என்ன செய்வீர்கள்?" முதலாமவர், சாதிக்க நினைப்பவர்கள் காரணம் சொல்வதில்லை என்ற பொருளில் ஒரு பத்தி எழுதி, கட்டணம் செலுத்தும் இணைப்பையும் கூடவே அனுப்பினார். இரண்டாமவர், அரை மணி நேரத்துக்குள் ஓர் அழகான மாதிரி அட்டவணையை அனுப்பினார். அதில் தை மாதம் இருந்ததற்கான அடையாளமே இல்லை. மூன்றாமவரிடமிருந்து ஒன்றரை நாள் கழித்துப் பதில் வந்தது. பதிலாக ஐந்து கேள்விகள். அந்த வாரங்களில் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்? கடையில் உட்கார முடியுமா, நின்றேதான் ஆக வேண்டுமா? மதியம் என்ன சாப்பிடுகிறீர்கள்? போன அறுவடைக்குப் பிறகு காய்ச்சல் வந்ததா? வீட்டில் யார் சம்மதித்திருக்கிறார்கள்? கடைசிக் கேள்வியை என் மனைவியிடம் காட்டினேன். "இவங்ககிட்டயே சேர்ந்துக்குங்க" என்றார்.

கட்டணம் மாதம் 9,000 ரூபாய். சிறு தொகை அல்ல. இந்த விளையாட்டுக்குச் சைக்கிள், காலணி, பயணம், போட்டிக் கட்டணம் என்று ஏற்கெனவே போகும் பணத்தின் மேல் இதுவும் சேர்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. அதற்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம்.

நீச்சலில் தொடங்கினார். 400 மீட்டரையும் 200 மீட்டரையும் முழு வேகத்தில் நீந்தச் சொன்னார். எனக்கு 9 நிமிடம் 20 விநாடியும், 4 நிமிடம் 24 விநாடியும் ஆயின. வித்தியாசம் 4:56, அதில் பாதி, 100 மீட்டருக்கு 2:28. நெடுந்தூரம் தாங்கக்கூடிய வேகத்துக்கு இது ஓர் அளவு. இதே வேகத்தில் 3.8 கிலோமீட்டரை நீந்தினால் ஒரு மணி 34 நிமிடம். முழுத்தூரப் போட்டியில் நீச்சலுக்குப் பொதுவாக 2 மணி 20 நிமிடம் தருகிறார்கள் என்பதால், "நீச்சலில் நிமிடம் குறைக்க உங்கள் உயிரை எடுக்கப் போவதில்லை, களைக்காமல் வெளியே வர வைக்கிறேன்" என்று எழுதினார். என் மகன் குளத்தின் ஓரமாகவே நடந்து எடுத்த கைபேசிக் காணொளியில், என் வலது முழங்கை நீருக்குள் சரிந்து, உள்ளங்கை நீரைப் பின்னால் தள்ளாமல் கீழே அழுத்துவதை ஒரு சிவப்புக் கோடு போட்டுக் காட்டினார். இருபது ஆண்டுகளாக அப்படித்தான் நீந்தியிருக்கிறேன். ஆற்றில் தலையைத் தூக்கி நீந்திய பழக்கம். குளத்துக்குப் போகாத நாட்களுக்கு ரப்பர்ப் பட்டை வாங்கச் சொன்னார். கடையில் கிடந்த பழைய சைக்கிள் ட்யூப்பை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, போதும் என்றார். வாரத்துக்கு இரண்டு நீச்சல், மூன்று ட்யூப் என்று அட்டவணை நின்றது.

காற்றை அவர் மலையாக்கினார். ஆடி, ஆவணியில் எதிர்காற்றில் பெரிய கியரைப் போட்டு, நிமிடத்துக்கு 50 முதல் 60 சுழற்சியில், எட்டு நிமிடம் வீதம் ஐந்து முறை, இடையில் இலகுவாக. இறக்கமே இல்லாத சாலையில் நான்கு மணி நேரம் மிதித்தால் ஒரு கணமும் கால் ஓய்வதில்லை, கைகளைத் தாழ்வான பிடியில் வைத்தபடியே நெடுநேரம் குனிந்திருக்க வேண்டும், முழுத்தூரச் சைக்கிளுக்கு அது நல்ல பழக்கம் என்றும் விளக்கினார். குறையாக நினைத்துக்கொண்டிருந்த சமதரையை ஒருவர் வசதியாகப் பார்த்தது எனக்குப் புதிதாக இருந்தது.

உணவிலும் இப்படித்தான். நெடுநேரப் பயிற்சியின்போது மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதற்கான ஜெல் பொட்டலம் ஒன்று நூறு ரூபாய்க்கு மேல். அவர் என்னை ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொன்னார். கடையில் போல்ட், நட்டு நிறுக்கும் மின்னணுத் தராசில் ஏறி நின்றேன். வேலைசெய்யும் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்ணைக் குறித்தான். 1.2 கிலோ குறைந்திருந்தது. இடையில் அரை லிட்டர் குடித்திருந்தேன். ஆக, மணிக்கு 1.7 லிட்டர் வியர்வை. அதன்பிறகு 750 மில்லிலிட்டர் பாட்டிலில் 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை. கூடவே பூவன் பழமும் கடலை மிட்டாயும். கடலை மிட்டாய் வெயிலில் ஓடும்போது வயிற்றில் கல்லாக நின்றது, விட்டுவிட்டேன். பழையது சாப்பிட்டுவிட்டு விடியற்காலை சைக்கிள் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட முடிந்தால் தாராளமாக என்றார். இரண்டரை மணிக்கு யார் எழுந்து பழையது சாப்பிடுவது?

இவை எல்லாவற்றையும்விட, நான் இவரை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் ஒரு வலி. செயலியில் வலி என்பது ஒன்று முதல் பத்து வரை நகர்த்தும் ஒரு புள்ளி. சென்ற சித்திரையில் இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஏதோ செய்தது. அதில் நான்கு என்று வைத்திருப்பேன், அதுவும் மூன்று நாள் ஓட்டத்தைக் குறைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்திருக்கும். இவருக்கு வாட்ஸாப்பில் குரல்பதிவாக அனுப்பினேன். "குடையுதுங்களா, இழுக்குதுங்களா, குத்துதுங்களா?" என்று பதில் வந்தது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் இழுக்கும், அசதி என்றால் கடுக்கும். இது குத்துகிறது என்றேன். எலும்பின்மேல் ஒரே ஒரு விரலை வைத்து அழுத்தி, அந்த இடத்தில் மட்டும் சுரீர் என்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஆம். உடனே ஓட்டத்தை முழுதாக நிறுத்தி, எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் ஓர் அடிகூட ஓடக் கூடாது என்றார். மருத்துவர் எலும்பில் அழுத்தத்தால் வரும் பாதிப்பின் தொடக்கம் என்றார். ஆறு வாரம் நீச்சலும் சைக்கிளும் மட்டும். விரிசல் விடுவதற்கு முன்பே நின்றேன். தமிழில் வலிக்கு இத்தனை சொற்கள் இருப்பதன் பயனை அன்றுதான் உணர்ந்தேன். பயிற்றுநர் எந்த மொழியில் பேசுவார் என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

தை வந்தபோது அந்த ஐந்து வாரங்களுக்கு அவர் அனுப்பிய அட்டவணையில் வாரத்துக்கு மூன்று ஓட்டங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் 25 நிமிடம். ஞாயிறு ஒன்றரை மணி நேரச் சைக்கிள். ட்யூப் இழுப்பு இரண்டு. மற்ற பெட்டிகளில் "கடை, 14 மணி நேரம்" என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் 40 புள்ளி போட்டிருந்தார். அது அறிவியல் அளவு அல்ல, தோராயம்தான் என்று அவரே குறிப்பிட்டிருந்தார். ஆனாலும் அந்த எண் உள்ளே இருந்ததால், நாட்காட்டி என்னைச் சோம்பேறி என்று சொல்லவில்லை. சைக்கிளைக்கூட ஞாயிறு விடியற்காலைக்கே வைத்தார். சாலையில் நெல்லையும் வைக்கோலையும் பரப்புவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். மெல்லிய டயர் நெல்மணியின்மேல் ஏறினால் வழுக்கும் விதம், அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மாசிக் கடைசியில் கொஞ்சம் மந்தமாக இருந்தேன். பங்குனி முடிவதற்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டேன். செயலியோடு கழித்த முந்தைய அறுவடையில் பத்து நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன்.

குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவர் பதில் சொல்வதில்லை. ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, தவறு சொல்ல முடியாது. ஆனால் நீண்ட சைக்கிள் ஓட்டம் ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது, சந்தேகமும் அன்றுதான் வருகிறது. எங்கள் சாலைகளை அவர் பார்த்ததில்லை. தடையில்லாமல் 40 நிமிடம் ஒரே உழைப்பில் மிதிக்கச் சொல்வார். நீடாமங்கலம் ரயில்வே கேட் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டுமே. விடியற்காலை நான்கரை மணிக்கு நாய்கள் துரத்தும் இடங்களில் என் வாட் எண்ணிக்கை வானத்துக்கு எகிறியிருப்பதைப் பார்த்து, இடையிடையே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பயிற்சி எதற்கு என்று ஒருமுறை கேட்டார். ஓடும் முறையைக் காணொளியில் பார்த்துச் சொல்லும் திருத்தங்கள் நீச்சலில் உதவிய அளவுக்கு உதவவில்லை. சென்ற புரட்டாசியில் ஒரு தவறும் செய்தார்: நான் பதிவு செய்திருந்த கோவா பாதித்தூரப் போட்டிக்கு முந்தைய வாரங்கள் குறுவை அறுவடையோடு மோதும் என்று நான் எழுதியிருந்தும் அதை மறந்து, பெரிய பயிற்சி வாரத்தை அங்கே வைத்துவிட்டார். நான் நினைவூட்டிய பிறகு மன்னிப்புக் கேட்டு, அளவைக் குறைக்கும் கட்டத்தை ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கினார். மனிதரிடம் வாங்கும்போது மறதியையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். செயலி மறப்பதில்லை, ஆனால் அதற்கு நினைவூட்டவும் வழியில்லை.

கோவாவில் பாதித்தூரத்தை எட்டரை மணி நேர வரம்புக்குள், 7 மணி 12 நிமிடத்தில் முடித்தேன். இந்த ஆண்டு நவம்பரில் லங்காவியில் முழுத்தூரம். லங்காவி இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில், அதாவது பழைய கடாரத்தில். ராஜேந்திரன் கப்பற்படையோடு போன இடத்துக்கு நான் நீச்சல் கண்ணாடியோடு போகிறேன் என்று கடையில் ஒரு வாரமாகக் கேலி நடக்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வெயிலும் புழுக்கமும் எங்கள் ஊரைப் போலவே இருக்கும் என்பது எனக்குச் சாதகம், பாதகம், கடல். பக்கத்திலுள்ள நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கரைகளில் அலை முரட்டுத்தனமானது, நீந்திப் பழக ஏற்றதல்ல. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, மல்லிப்பட்டினம் மனோரா பக்கம் பாக் விரிகுடா அமைதியாக இருக்கும். ஆனால் நெடுந்தூரம் இடுப்பளவு நீர்தான், காலை ஊன்றினால் சேறு, கையை வீசினால் கடற்புல். மீனவர் ஒருவரின் படகு கூடவே வந்தால்தான் ஆழத்துக்குப் போகிறேன். எட்டு கைவீச்சுக்கு ஒருமுறை தலையை உயர்த்தித் திசை பார்க்க வேண்டும் என்று பயிற்றுநர் எழுதியிருக்கிறார். மனோராவின் கோபுரத்தைக் குறிவைத்து நீந்தியும் இரண்டு முறை கிழக்கே ஒதுங்கிப்போனேன். ஏன் ஒதுங்குகிறேன் என்பதைக் கரையிலிருந்து எடுத்த காணொளியில் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. தொலைவிலிருந்து செய்யும் பயிற்சிக்கு இது ஓர் எல்லை என்று நினைக்கிறேன்.

அதனால் அறுவடை முடிந்து, பங்குனியில் இரண்டு நாள் அவரே மனோராவுக்கு வந்து படகிலிருந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டு நாளுக்குத் தனிக் கட்டணம் இல்லை; ரயில் செலவும் தங்கும் செலவும் என்னுடையவை. இதை வாய்ப்பேச்சாக விடாமல், மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.